விலகலும் விலக்கும்: ஒரு திருமறைத் தொடரின் பொருள்கோள்

1. தோற்றுவாய்

ஒரு நூலின் தொடரை அது நிற்கும் இடத்தினின்றும் பெயர்த்தெடுத்து, வேறு தொடரோடு கூட்டி, நூலாசிரியர் கருதாத பொருளுக்கு அதனை ஆளாக்குதல் உரை வரலாற்றில் புதிதன்று. நம் இலக்கணிகள் பொருள்கோளை எட்டாக வகுத்தபோது கொண்டுகூட்டினையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். ஆயினும், செய்யுளின் பல அடிகளிலும் கிடக்கும் சொற்களைப் பொருளுக்கு ஏற்பக் கூட்டுவதே கொண்டுகூட்டு. கூட்டுவோன் விருப்பத்திற்கு ஏற்பப் பொருளை ஆக்கிக்கொள்வது அன்று. இவ்வேறுபாடு மறக்கப்படும்போது பெரும்பாலும் ஒரு பாட்டின் சுவை மட்டுமே கெடும். நூல் ஒரு சமயத்தாரின் மறையாகவும், உரை ஒரு தலைவரின் ஆணையாகவும் அமையுமாயின், கெடுவது மாந்தர் வாழ்வு. தந்தை மகளோடு உண்ணான். மகன் தாயின் அடக்கத்திற்குச் செல்லான்.

இத்தகைய உரைப்பிழை ஒன்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தீயோரினின்றும் விலகி வாழ்க எனக் கிறித்தவத் திருமறை கூறும் அறிவுரை, ஆங்கில நாட்டில் தோன்றிய ஒரு சபையாரிடத்தே எவ்வாறு உறவறுக்கும் கருவியாயிற்று என்பதனை ஈண்டுக் காண்போம். ஆராய்ச்சிக்குத் தமிழ் இலக்கணம் ஒரு விளக்கை நமக்கு அளிக்கின்றது. ‘விலகு’ என்பது தன்வினை. ‘விலக்கு’ என்பது பிறவினை. ஒற்றெழுத்து ஒன்றே இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு. அவ்வோரொற்றில் அடங்கிய வேறுபாட்டை ஒரு சபையின் தலைவர்கள் கருதாது விட்டதன் வரலாறே கீழே வருவது.

2. தொடரும் அதன் இடமும்

கொரிந்தியர்க்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் 6ஆம் அதிகாரத்தில் 14 முதல் 18 வரையுள்ள வசனங்களே விலகற்கோட்பாட்டிற்குத் தலையாய ஆதாரமாகக் காட்டப்படுவன. நம்பிக்கையில்லாதாரோடு ஒவ்வாத நுகத்தில் பிணைபடாதிருக்கவும், அவர்கள் நடுவினின்று புறப்பட்டுப் பிரிந்திருக்கவும், தூய்மையற்றதனைத் தொடாதிருக்கவும் அப்பகுதி ஏவுகின்றது. தொடரை மட்டும் நோக்குவார்க்கு ஏவல் கடுமையாகவே தோன்றும். இடத்தை நோக்குவார்க்கு மூன்று செய்திகள் புலனாகும்.

முதலாவது, நுகம் என்னும் உருவகம். ஈண்டுப் பயிலும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் வாராதது. வேறுபட்டதனோடு ஒரு நுகத்திற் பூட்டுண்ணல் என்பது அதன் நேர்ப்பொருள். எருதையும் கழுதையையும் ஒன்றாகப் பூட்டி உழலாகாது என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் கூறும் விதி இதற்குப் பின்னணி என்பர். ஏரும் நுகமும் அறிந்த நமக்கு இவ்வுருவகத்தின் எல்லையை விளக்க வேண்டுவதில்லை. இரு விலங்குகள் ஒரே வெளியில் மேயலாம். ஒரே குட்டையில் நீர் பருகலாம். ஒரே தொழுவில் நிற்கலாம். நுகமோ இவற்றின் வேறானது. ஒன்றின் நடையை மற்றொன்றின் நடைக்கு அடிமையாக்குவது அது. ஆகவே உருவகம் தடுப்பது பிணைப்பையே; அணிமையை அன்று. ஒருவனை மற்றொருவன் நடைக்கு ஆட்படுத்தும் பிணைப்புத் தீது என்பதே கருத்தாயின், தன் உறுப்பினர் அனைவரையும் ஒரு தலைவரின் நடைக்குப் பூட்டும் சபை அவ்வுருவகத்தின் கண்டனத்திற்குத் தானே இலக்காதலைக் காணலாம்.

இரண்டாவது, பகுதியின் முன்னும் பின்னும். பிரிந்திருங்கள் என்னும் ஏவலுக்கு முன்னர், 11 முதல் 13 வரையுள்ள வசனங்களில், தம் உள்ளம் கொரிந்தியர்க்கு விரிந்து திறந்திருக்கின்றது எனவும், அவர்களும் தம் உள்ளத்தை விரித்தல் வேண்டும் எனவும் பவுல் கேட்கின்றார். 7ஆம் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தில், எங்களுக்கு உங்கள் உள்ளத்தில் இடந்தருக என அவ்வேண்டுகோளையே மீட்டும் தொடர்கின்றார். இடைப்பட்ட பகுதி பின்னர்ச் செருகப்பட்டதாகலாம் என ஐயுறும் ஆய்வாளர் பலர். அவர் கொள்கை சரியாயின், விலகற்கோட்பாட்டின் தலையாய ஆதாரம் அந்நிருபத்தின் போக்கிற்கே உரியதன்று. பகுதி பவுல் எழுதியவாறே நிற்பதாயின், விலகுக என்னும் ஏவல் ‘உள்ளத்தை விரிக்க’ என்னும் இரண்டு ஏவல்களுக்கு நடுவே வைக்கப்பட்டுள்ளது. எவ்வகையானும், உள்ளத்தைச் சுருக்குதற்கு அப்பகுதி ஆதாரம் ஆகாது.

மூன்றாவது, மேற்கோளின் மூலம். புறப்படுங்கள் என்னும் சொல் பவுலுடையதன்று. ஏசாயா 52ஆம் அதிகாரத்தினின்று எடுக்கப்பட்டது. அங்கே அது பாபிலோனில் சிறையிருந்த யூதரை நோக்கிக் கூறப்பட்டது. சிறை திறந்தது, வெளியே வருக என்பது அதன் மூலப்பொருள். விடுதலை அறிவிப்பாய்ப் பிறந்த அச்சொல் பின்னாளில் வெளியேற விரும்புவாரைத் தடுக்கும் வேலியாயிற்று. அம்மேற்கோள் தொடரின் இறுதியில், கடவுள் தம் மக்களுக்குத் தந்தையாகவும், அவர்கள் அவர்க்கு மகன்மாரும் மகள்மாருமாகவும் இருப்பர் என்னும் உறுதிமொழி நிற்கின்றது. தந்தைமை கூறி முடியும் ஒரு பகுதி தந்தையை மகளினின்றும் பிரித்தற்குச் சான்றாக எடுக்கப்படுவதினும் பெரியதோர் உரைமுரண் காண்டல் அரிது.

இனி வினைநிலையை நோக்குவோம். புறப்படுக, பிரிந்திருக்க, தொடாதிருக்க என்னும் மூன்றும் ஏவல் பெறுவோர் தாமே செய்வன. கிரேக்கத்தில் இரண்டாவது வினை வடிவால் செயப்பாட்டு வினையாயினும், முதல் வினையோடு இயைந்து கேட்போர் செயலையே குறிக்கின்றது. பிறரைப் புறப்படுத்துக, பிறரைப் பிரித்துவைக்க என்னும் பொருள் அப்பகுதியில் யாண்டும் இல்லை. நம் வள்ளுவரும் ‘சிற்றினம் சேராமை’ என ஓர் அதிகாரம் வகுத்தார். சேராமை ஆவது சேர்வான் ஒருவன் தானே ஆய்ந்து கொள்ளும் ஒழுக்கம். பிறர் யாரோடு சேரலாம் என வரையறுக்கும் உரிமையை அவர் எவர்க்கும் அளித்திலர்.

3. பிறவினை வரும் இடங்கள்

திருமறையில் பிறவினைப்பட்ட விலக்கு முற்றும் இல்லையெனின் அது பொருந்தாது. முதல் கொரிந்தியர் 5ஆம் அதிகாரத்தில், தன் தந்தையின் மனைவியைக் கொண்டிருந்த ஒருவனைச் சபையினின்று நீக்குமாறு பவுல் பணிக்கின்றார். சகோதரன் எனப்படுவான் ஒருவன் காமுகனாகவோ பொருளாசை கொண்டவனாகவோ சிலை வணங்குவானாகவோ பழிதூற்றுவானாகவோ குடியனாகவோ கொள்ளைக்காரனாகவோ இருப்பின், அவனோடு உண்ணவும் கூடாது என்கின்றார். பிற்காலத்தில் உண்ணல் தடை முழுமைக்கும் ஆதாரமாகக் காட்டப்பட்டது இவ்விடமே. ஆதலின் இதனை நுணுகி ஆராய்தல் வேண்டும்.

அவ்விலக்கிற்கு நான்கு வரம்புகள் உள. ஒன்று, அது ஊரறிந்த தீயொழுக்கத்திற்கு உரியது. கருத்து வேறுபாட்டிற்கு அன்று. இரண்டு, சபை முழுதும் கூடிய இடத்தில் நிகழ்வது; தலைவர் ஒருவரின் தனியாணையால் அன்று. மூன்று, சபைக்குப் புறத்தே உள்ளாரை அது தொடுவதில்லை. உலகத்தாரோடு பழகலாகாது என்பது தம் கருத்தாயின், நீங்கள் உலகைவிட்டே நீங்க வேண்டியிருக்கும் என்று பவுல் அவ்விடத்தேயே தெளிவாக்குகின்றார். நான்கு, அதற்கு முடிவு உண்டு. இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், தண்டம் பெற்ற ஒருவனுக்கு அத்தண்டம் போதும், அவன் துயரில் மூழ்காதவாறு மன்னித்துத் தேற்றுக என எழுதுகின்றார். முன்னைய அதிகாரத்தில் சுட்டப்பட்டவனே இவன் எனப் பழைய உரையாளர் பலர் கொண்டனர். இக்காலத்தார் சிலர் வேறொருவன் என்பர். யாவனாயினும், தண்டத்திற்கு எல்லை உண்டென்பதில் மாறுபாடில்லை. தெசலோனிக்கேயர்க்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 3ஆம் அதிகாரமும், கூட்டுறவு தவிர்க்கப்பட்டவனைப் பகைவனாக எண்ணாது உடன்பிறந்தானாகக் கருதி அறிவுரை கூறுமாறு பணிக்கின்றது.

உறவு பற்றிய இடங்கள் இன்னும் வெளிப்படையானவை. நம்பிக்கையில்லாத துணையோடு வாழ்வார், அத்துணை உடன்வாழ இசையின், பிரிதல் கூடாது என்பது முதல் கொரிந்தியர் 7ஆம் அதிகாரம். நம்பிக்கையில்லாதான் விருந்துக்கு அழைப்பின் சென்று, வைத்ததை உண்ணலாம் என்பது 10ஆம் அதிகாரம். ஒரே ஆசிரியர், ஒரே ஊரார்க்கு, ஒரே நிருபத்தில் எழுதியவை இவை. 5ஆம் அதிகாரத்தைக் கைக்கொண்டு 7ஆம் 10ஆம் அதிகாரங்களைக் கைவிடுதல் உரை ஆகாது. நூலைக் கூறுபோடுதல் ஆகும்.

மற்றுமோர் இடம் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரம். பெரிய வீடொன்றில் பொன்னும் வெள்ளியும் மரமும் மண்ணுமாகிய கலங்கள் பல உண்டு எனவும், ஒருவன் இழிந்தவற்றினின்றும் தன்னைத் தூய்மையாக்கின் சிறப்புக்குரிய கலமாவான் எனவும் அது கூறும். ‘தன்னை’ என்னும் சொல்லைக் காண்க. வீட்டைவிட்டு நீங்குக என்றும் அங்குக் கூறப்படவில்லை. ஏனைய கலங்களை உடைத்தெறிக என்றும் கூறப்படவில்லை. சில வசனங்களுக்கு அப்பால், இறைபணியாளன் சண்டையிடாது, எதிர்ப்பாரையும் மென்மையோடு திருத்துதல் வேண்டும் என அவ்வதிகாரம் முடிகின்றது.

விலக்கும் தலைவன் ஒருவனின் படமும் திருமறையிலேயே உண்டு. யோவானின் மூன்றாம் நிருபம் தியோத்திரேப்பு என்பானைக் குறிக்கின்றது. முதன்மையை விரும்பிய அவன், வந்த சகோதரரைத் தானும் ஏற்கவில்லை. ஏற்க விரும்பினாரையும் தடுத்துச் சபைக்குப் புறம்பாக்கினான். நிருபம் அவனைப் புகழவில்லை, கடிந்துரைக்கின்றது. விலக்கினை ஆட்சிக் கருவியாகக் கொள்வார் நாளை வருவர் என்பதனை அந்நூல் அறியாததன்று என்பதற்கு இதுவே சான்று.

4. கோட்பாடு விரிந்த வரலாறு

இனி, இத்தொடர்கள் ஒரு சபையாரிடத்தில் அடைந்த மாற்றத்தைக் காண்போம். 1820களின் இறுதியில் அயர்லாந்திலும், பின்னர் இங்கிலாந்தின் பிளிமத் நகரிலும் ஓர் இயக்கம் தோன்றியது. குருமார் வேண்டா, சபைப் பிரிவுப் பெயர்கள் வேண்டா, கிறித்துவை நம்புவார் யாவரும் ஒரே அப்பத்தில் பங்கு கொள்ளலாம் என்பதே அதன் தொடக்கக் கொள்கை. பிளிமத் சகோதரர் என உலகம் அவர்களை அழைத்தது; பிரதரன் சபையார் எனத் தமிழ்நாட்டில் வழங்குவதும் இம்மரபினரையே. எல்லாரையும் சேர்க்கப் பிறந்த இயக்கம் என்பதனை மறவாதிருத்தல் வேண்டும்.

இவர்களுள் தலைசிறந்தவர் ஜான் நெல்சன் டார்பி (1800–1882). அயர்லாந்துச் சபையில் குருவாயிருந்து வெளிவந்தவர், பன்மொழி அறிந்தவர், திருமறையை மொழிபெயர்த்தவர். தீமையினின்று விலகுதலே ஒற்றுமைக்குக் கடவுள் வகுத்த நெறி என்னும் கருத்தைத் தலைப்பாகவே கொண்டு அவர் ஒரு சிறுநூல் எழுதினார். பிளிமத்தில் பெஞ்சமின் நியூட்டன் என்பாரோடு அவர்க்குக் கருத்து மாறுபாடு எழுந்தது. நியூட்டனின் சபையினின்று வந்த சிலரைப் பிரிஸ்டல் நகரின் பெதஸ்தா சபை ஏற்றுக்கொண்டது. அச்சபையின் மூப்பருள் ஒருவர், அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லங்கள் அமைத்துப் புகழ்பெற்ற ஜார்ஜ் முல்லர். பெதஸ்தாவினின்று வருவாரை ஏற்கும் எச்சபையும் பெதஸ்தாவோடு ஒன்றே எனக் கொண்டு 1848இல் டார்பி உறவறுத்தார். அன்று தொடங்கி அவ்வியக்கம், திறந்த சகோதரர், தனித்த சகோதரர் என இரண்டாகப் பிளந்தது.

இப்பிளவில் நிகழ்ந்த பொருள் மாற்றம் கருதற்பாலது. முதலில் விலகற்குரியது தீச்செயல். அடுத்துத் தவறான கருத்து. அதன்பின் தவறான கருத்துடையாரை ஏற்பவர். முடிவில், ஏற்பவரை ஏற்பவர். சொல் மாறவில்லை, சொல்லின் எல்லை மட்டும் அடிதோறும் விரிந்தது. ஒருவன் தான் செய்யாத செயலுக்கும், கொள்ளாத கருத்துக்கும், யாரோ ஒருவரோடு அப்பம் உண்டமையால் குற்றவாளி ஆயினான். தீமை தொற்றுநோய் ஆயிற்று; நோய்க்குறி அறிந்து கூறும் அதிகாரம் ஒருசிலர் கையில் தங்கிற்று.

இவ்விரிவு தன் உச்சியை எய்தியது 1960களில். தனித்த சகோதரருள் பெரும்பிரிவினர்க்கு நியூயார்க் நகரத்தவராகிய இளைய ஜேம்ஸ் டெய்லர் தலைவரானார். சபையின் அப்பத்தில் பங்குகொள்ளாத எவரோடும், அவர் கணவனோ மனைவியோ பெற்றோரோ ஆயினும், ஒரு மேசையில் உண்ணலாகாது என்பது விதியாயிற்று. தொழிற்சங்கங்களிலும் மருத்துவர், மருந்தாளர் முதலியோரின் தொழிற்கழகங்களிலும் உறுப்பாண்மை நுகம் எனப்பட்டது. பலர் தம் தொழிலையே இழந்தனர். பல்கலைக்கழகக் கல்வி தடுக்கப்பட்டது. வானொலியும் தொலைக்காட்சியும் விலக்கப்பட்டன. குடும்பங்கள் பல பிரிந்தன. 1970இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் டெய்லர் மீதே ஒழுக்கக் குற்றச்சாட்டு எழுந்தது. அதனை நம்பிய பலர் வெளியேறினர். ஏனையோர் அவரைத் தூயவர் எனவே கொண்டனர். அவ்வாண்டே அவர் இறந்தார். தலைவர்மீது குற்றம் எழுந்தபோது, குற்றம் கூறினாரே விலக்கப்பட்டமை, விலக்கு அதற்குள் தீமையினின்று பிரிந்து தலைமையோடு இணைந்துவிட்டது என்பதனைக் காட்டும்.

அச்சபையார் 2012 முதல் பிளிமத் பிரதரன் கிறித்தவ சபை என்னும் பெயரால் வழங்குகின்றனர். அவ்வாண்டில் அவர்தம் அறக்கட்டளை ஒன்றின் பதிவு விண்ணப்பத்தை இங்கிலாந்து–வேல்ஸ் அறநிறுவன ஆணையம் மறுத்தது. கட்டளை ஆவணம் திருத்தப்பட்ட பின்னர் 2014 சனவரியில் ஏற்றது. விலகலும் ஒழுங்கு நடவடிக்கையும் பற்றிய அவர்தம் வழக்கங்களால் தீங்கு நேர்ந்தமையை அவ்வாணையம் தன் முடிவில் கருத்திற் கொண்டது. சபை நீங்கினார்மாட்டு இரக்கத்தோடு ஒழுகுதல் பற்றிய வாசகங்கள் ஆவணத்தில் இடம்பெற்றன. தம்மீது கூறப்படும் குற்றச்சாட்டுகள் பலவற்றை அச்சபையார் மறுக்கின்றனர் என்பதனையும் நடுவுநிலை கருதி ஈண்டுக் குறிக்கின்றோம்.

5. முதல் திறனாய்வாளர்

இக்கோட்பாட்டின் போக்கை முதலில் கண்டு எச்சரித்தவர் அவ்வியக்கத்தினுள்ளேயே இருந்தவர். நம் நாட்டோடு தொடர்புடையவர். எக்சிட்டர் நகரில் பல் மருத்துவராயிருந்து, தம் உடைமைகளைத் துறந்து, பாக்தாதிற்கும் பின்னர் இந்தியாவிற்கும் சமயப்பணிக்காக வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் (1795–1853) என்பாரே அவர். 1836 மார்ச்சு 10ஆம் நாள், தாய்நாட்டினின்று மீண்டும் இந்தியாவிற்குப் புறப்படுங்கால், அவர் டார்பிக்கு ஒரு கடிதம் வரைந்தார். நம் கூட்டுறவு ஒரே உயிரில் பங்குகொண்டமையால் அமைந்தது. ஒரே அளவு அறிவொளி பெற்றமையால் அன்று. பிழைகளுக்கு எதிரான சான்றே இனி நம் ஒற்றுமைக்கு அடிப்படையாயின், நாம் எவரினின்று வெளிவந்தோமோ அவரினும் குறுகியோர் ஆவோம் என்பது அதன் சாரம். பிறரின் நன்மையினின்று பிரிதலினும் அவர்தம் குறைகளைப் பொறுத்தலே தமக்கு உவப்பு என்றும் அவர் எழுதினார். பெதஸ்தாப் பிளவிற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்டது இது.

குரோவ்ஸ் அதன்பின் சென்னையிலும் சித்தூரிலும் வாழ்ந்தார். பாளையங்கோட்டையில் ரேனியசிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) அவர்தம் உடனுழைப்பாளர் ஆனார். அயல்நாட்டுச் சங்கங்களின் ஊதியத்தை நாடாது பணிபுரிந்து, கிறிஸ்தியான்பேட்டை என்னும் குடியிருப்பை அமைத்தார். எனவே, பிரதரன் மரபு தமிழ் மண்ணில் முதலில் வேரூன்றியது டார்பியின் விலக்கு நெறியால் அன்று; குரோவ்சின் ஏற்பு நெறியால் ஆகும். ஒரே திருமறை, ஒரே இயக்கம், ஒரே காலம். உரை மட்டுமே வேறு. இருபதாம் நூற்றாண்டில் திறந்த சகோதரரிடையே எஃப். எஃப். புரூஸ் (1910–1990) போன்ற பேரறிஞர் தோன்றிப் பல்கலைக்கழகத்தில் திருமறை ஆராய்ச்சியை வளர்த்தமையும் இவ்வேறுபாட்டின் பயனே. குற்றம் நூலின்கண் இல்லை என்பதற்கும், இயக்கத்தின் பெயரிலும் இல்லை என்பதற்கும் இவை போதிய சான்றுகள்.

6. இலக்கியம் காட்டும் விளைவு

கோட்பாட்டின் விளைவைப் புள்ளிவிவரத்தினும் இலக்கியம் நன்கு காட்டும். இம்மரபினின்று எழுந்த தன்வரலாறுகளுள் இரண்டு ஒப்புநோக்கற்குரியன. ஒன்று, எட்மண்டு காஸ் 1907இல் முதற்கண் பெயர் குறியாது வெளியிட்ட ‘தந்தையும் மகனும்’. மற்றொன்று, ரெபேக்கா ஸ்டாட் எழுதி 2017இல் வெளிவந்து, அவ்வாண்டிற்குரிய காஸ்டா வாழ்க்கை வரலாற்றுப் பரிசைப் பெற்ற ‘மழை நாள்களில்’.

காசின் தந்தை பிலிப் ஹென்றி காஸ் கடலுயிர்களை ஆராய்ந்த அறிஞர். இல்லத்தில் கதைநூல் எதுவும் புகவில்லை. தாய் எமிலி, இளமையில் கதை புனையும் ஆற்றல் உடையவர். அது பாவம் எனக் கேட்டுத் தம்முள்ளேயே அதனை அடக்கிக்கொண்டவர். கிறித்துமசு நாளன்று பணிப்பெண்கள் மறைவாகச் சமைத்த இனிப்புக்களியில் ஒரு துண்டை உண்ட சிறுவன், மனம் பொறாது தந்தையிடம் ஓடிக் கூறுகின்றான். சிலை வழிபாட்டின் பண்டம் எனக் கொண்டு தந்தை அதனைக் குப்பையிற் கொட்டுகின்றார். படிப்போர் நகைப்பர், நகைப்பு அடங்கியபின், தின்பண்டம் ஒன்றிற்காக நடுங்கிய எட்டு அகவைக் குழந்தை நெஞ்சில் நிற்கும். எனினும், தந்தை தமக்கு விதிக்காத எதனையும் மகனுக்கு விதித்திலர். மகனை விலக்கவும் இல்லை. கருத்தால் பிரிந்த பின்னரும் கடிதங்களால் அவனைத் தேடிக்கொண்டே இருந்தார். 2002இல் அவர்தம் வரலாற்றை எழுதிய ஆன் த்வைட், மகன் தீட்டியதினும் அத்தந்தை கனிவுடையவர் எனக் காட்டியுள்ளார். இது தன்வினை விலகலின் இலக்கியம். அது குழந்தையின் கற்பனையைப் பட்டினியிட்டது உண்மை. ஆயினும் கதவு தாழிடப்படவில்லை. அதனாலன்றோ காஸ் வெளிவந்து இலக்கியத் திறனாய்வாளர் ஆனார்!

ஸ்டாட் காட்டும் உலகு வேறு. பல தலைமுறையாகத் தனித்த சகோதரராயிருந்த குடும்பம் அவருடையது. தந்தை சபையில் போதகம் செய்தவர். டெய்லரின் விதிகளைச் செயற்படுத்தியவருள் ஒருவர். 1970இன் பின் குடும்பம் வெளியேறுகின்றது. முதுமையில் தம் நினைவுகளை எழுதத் தொடங்கிய தந்தை, 1960களை எட்டியதும் மேற்செல்ல இயலாது நின்றுவிடுகின்றார். இறக்குங்கால் மகளிடம் அப்பணியை விடுகின்றார். இந்நிற்றலே நூலின் உயிர்நிலை என்பது எம் கருத்து. விலக்கப்பட்டார் தம் துயரை எழுதலாம். பிறரை விலக்கியவர், அதுவும் நன்மை எனக் கருதியே விலக்கியவர், எச்சொல்லால் எழுதுவது? பிறவினை, வினைக்குரியாரின் நாவையே கட்டிவிடுகின்றது. காசின் நூலில் ஒரு மனிதரின் பிடிவாதத்தைக் காண்கின்றோம். ஸ்டாட்டின் நூலிலோ பிடிவாதத்திற்கும் உரியவர் எவர் எனத் தெரியாத ஓர் அமைப்பைக் காண்கின்றோம். முன்னதில் மகன் தந்தையினின்று விடுபடுகின்றான்; பின்னதில் தந்தையும் மகளும் சேர்ந்தே விடுபட வேண்டியுள்ளது.

7. ஒரு தடையும் விடையும்

ஈண்டு ஒரு தடை எழும். எந்தக் கூட்டத்திற்கும் தன் உறுப்பினர் யார் என வரையறுக்கும் உரிமை உண்டன்றோ? விரும்பினார் இருக்கின்றனர், விரும்பாதார் போகலாம், இதில் ஆட்சி யாண்டுளது? என்பர்.

உரிமை உண்டு என்பதனை யாமும் உடன்படுகின்றோம். ஆயின், அப்பத்தில் பங்கில்லை எனல் வேறு. தாயின் மேசையில் இடமில்லை எனல் வேறு. முன்னது சபைக்கு உரியது. பின்னது சபைக்கு முற்பட்ட உறவிற்கு உரியது. மேலும், உண்ணல் தடை செயற்படும் வகையையும் ஆராய்தல் வேண்டும். ஒருவன் புறத்தாரோடு உண்ணான். ஆகவே நண்பர் இலர். கல்வி இல்லை, ஆகவே புறத்தே தொழில் அரிது. தொழிலும் சபையார் நிறுவனத்திலேயே அமைகின்றது. திருமணமும் சபைக்குள்ளேயே நிகழ்கின்றது. இந்நிலையில் வெளியேறுதல் என்பது மனைவி, மக்கள், வீடு, ஊதியம் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் துறத்தல் ஆகும். அவ்வளவு பெரிய விலை வைத்துவிட்டு, அவன் விரும்பியே இருக்கின்றான் எனல் பொருந்தாது. இருத்தல் இசைவுக்குச் சான்றாக வேண்டுமாயின், போதலும் இயல்வதாதல் வேண்டும்.

அன்றியும், மறைக்கும் பெற்றோர்க்கும் மாறுபாடு நேரின் மறையே முதன்மை என்னும் இயேசுவின் கடுஞ்சொற்களைச் சிலர் காட்டுவர். மத்தேயு 10ஆம் அதிகாரம் அத்தகையது. அச்சொற்கள் நம்பிக்கையின் பொருட்டு உறவினரால் தள்ளப்படுவார்க்கு ஆறுதலாகக் கூறப்பட்டவை. தள்ளப்படுவார்க்குரிய ஆறுதலைத் தள்ளுவார் தமக்குரிய ஆணையாகக் கொள்ளின், அதுவும் தன்வினை பிறவினை மயக்கமே. மத்தேயு 15ஆம் அதிகாரத்தில், கடவுளுக்குக் காணிக்கை எனக் கூறிப் பெற்றோரைப் பேணாது விடுவாரை அவ்வியேசுவே கடிந்தமையும் காண்க.

8. முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படும். விலகல் பற்றிய திருமறைத் தொடர்கள் தம் இடத்தில் தன்வினையாகவே நிற்கின்றன. பிறவினை வரும் சில இடங்களில் செயல், சபை, எல்லை, மீட்பு என்னும் வரம்புகள் உடன் வருகின்றன. இவ்வரம்புகளை ஒவ்வொன்றாக நீக்கியமையே 1848 முதல் 1960கள் வரை நிகழ்ந்த உரைமாற்றம். அம்மாற்றம் நூலால் தவிர்க்கவியலாது விளைந்ததன்று. குரோவ்சின் கடிதம் அதற்கு என்றும் அழியாச் சான்று.

இத்தகைய உரைகளை மதிப்பிட வேண்டிய ஆய்வாளர் கேட்கத்தக்க வினாக்கள் எளியவை. விலகுக என்னும் ஏவலின் சுமையை ஏவுவோர் சுமக்கின்றனரா, ஏவப்படுவோர் மட்டும் சுமக்கின்றனரா? விலக்கப்பட்டவர் மீளும் வழி சொல்லப்பட்டுள்ளதா? தலைவரும் அவ்விதிக்கு உட்பட்டவரா? இவ்வினாக்கள் ஒரு சமயத்திற்கே உரியன அல்ல. ஊர்விலக்கும் சாதிவிலக்கும் கண்ட நம் நாட்டில், தூய்மையின் பெயரால் பந்தி பிரித்த நம் வரலாற்றில், அவற்றைக் கேட்கும் கடமை நமக்கும் உண்டு. உரையாசிரியர் ஒருவர் ஒரு வினையின் ஒற்றை மாற்றி ஓதும்போது எங்கோ ஒரு வீட்டில் ஒரு நாற்காலி வெறுமையாகின்றது. அவ்வொற்றை உரிய இடத்தில் நிறுத்திக் காட்டுதல் மொழியறிஞர் செய்யத்தக்க தொண்டு.